இதயத் தசையும் ஆக்சிஜனும்: சத்துப்பொருள்கள் காத்த இடங்கள், கைவிட்ட இடங்கள்

மனித இதயம் ஏறக்குறைய 300 கிராம் எடையுள்ள ஒரு தசை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இந்த உழைப்புக்காக அது நாள்தோறும் தன் எடையைப் போலப் பல மடங்கு ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறுகளைச் செலவழித்து, செலவழித்ததையெல்லாம் திரும்ப உருவாக்கிக்கொள்கிறது. அதனால்தான் இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு வரை அந்த ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவே நிறைந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜனைக் கையாளும்போதுதான் ஆபத்தும் பிறக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறிச் சென்று கடைசியில் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராக வேண்டும். வழியில் சில எலக்ட்ரான்கள் தப்பி, ஆக்சிஜன் மீது தனியாகப் போய் ஒட்டிக்கொண்டால் சூப்பர்ஆக்சைடு உருவாகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். இரும்பு அயனி அருகில் இருந்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் வரும். கடைசியாகச் சொன்னது, பிறந்த இடத்தில் எது இருக்கிறதோ அதையே தாக்கும்: கொழுப்புச் சவ்வு, புரதம், டி.என்.ஏ. என்று பேதம் பார்ப்பதில்லை. தாக்குதல் செல்லின் தற்காப்பை மிஞ்சிவிடும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். தோலோ குடலோ இப்படிப் பழுதான செல்களை உதிர்த்துவிட்டுப் புதியவற்றை உருவாக்கிக்கொள்ளும். இதயத்துக்கு அந்த வசதி மிகக் குறைவு. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14 தடயத்தை வைத்து 2009-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீத இதயத் தசைச் செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன. எழுபத்தைந்து வயதில் அதில் பாதியும் இல்லை. இதயத்தில் இழந்தது பெரும்பாலும் இழந்ததுதான்.

இங்கிருந்து ஒரு கேள்வி இயல்பாக எழுகிறது. உணவிலிருந்து கிடைக்கும் ஏதாவது ஒரு பொருளைக் கொடுத்து இந்தத் தாக்குதலிலிருந்து இதயத்தைக் காக்க முடியுமா? அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதற்காகச் செலவிடப்பட்ட உழைப்பும் பணமும் கொஞ்சமல்ல. கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். அவற்றை ஒரே இடத்தில் அடுக்கிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது என்பது என் கருத்து. உடலில் ஒரு குறிப்பிட்ட பொருள் குறைந்திருந்த இடத்தில் அதை நிரப்பியபோது இதயம் காக்கப்பட்டது. குறைவே இல்லாத உடலில் அளவுக்கு மேல் கொட்டியபோது பலன் இல்லை. சில நேரம் கெடுதலும் வந்தது.

தற்காப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு முதல் சான்று உடலுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1969-இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பர்ஆக்சைடை அழிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நொதியை மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதுதான் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். இதன் மைட்டோகாண்ட்ரியா வடிவத்தின் மையத்தில் மாங்கனீசு இருக்கும். அந்த வடிவம் இல்லாமல் பிறக்கும்படி எலிகளை மரபணு மாற்றம் செய்து பார்த்தபோது, அவை பத்து நாட்களுக்குள் இறந்தன. இதயம் விரிந்து தளர்ந்திருந்தது. 1995-இல் வந்த இந்த முடிவுக்குப் பிறகு, ஆக்சிஜனேற்ற அழுத்தம் இதயத்தைக் கெடுக்குமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. மிஞ்சியது, அதை வெளியிலிருந்து தடுக்க முடியுமா என்ற ஐயம்தான்.

வைட்டமின் ஈ-யின் கதையில் அந்த ஐயம் முழு வேகத்தோடு சோதிக்கப்பட்டது. கொழுப்பில் கரையும் இந்த வைட்டமின், சவ்வுகளில் பரவும் ஆக்சிஜனேற்றச் சங்கிலியை அறுக்கும் என்பது வேதியியல் உண்மை. எல்.டி.எல். கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகே தமனிச் சுவரில் அதிகம் படிகிறது என்று 1980-களில் டேனியல் ஸ்டைன்பர்க் போன்ற ஆய்வாளர்கள் வலுவாக வாதிட்டார்கள். 1993-இல் அமெரிக்காவில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. வைட்டமின் ஈ அதிகம் எடுத்தவர்களுக்கு இதய நோய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்றது அது. ஆண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வும் அதே இதழில் அதே திசையைக் காட்டியது. 1996-இல் கேம்பிரிட்ஜில் 2,002 இதய நோயாளிகளிடம் நடந்த சோதனை, உயிர் போகாத மாரடைப்புகள் 77 சதவீதம் குறைந்தன என்று அறிவித்தது. அதே சோதனையில் இறப்புகள் குறையவில்லை என்பதை அன்று பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக் கடைகளில் வைட்டமின் ஈ மாத்திரைகள் குவிந்தன. மருத்துவர்கள் தாங்களே விழுங்கினார்கள்.

பெரிய சோதனைகளின் முடிவுகள் வரத் தொடங்கியதும் காட்சி மாறிவிட்டது. இத்தாலியில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 11,324 பேரிடம் நடந்த ஜிஸ்ஸி சோதனையில் நாளுக்கு 300 மில்லிகிராம் வைட்டமின் ஈ எந்தத் தெளிவான பலனும் தரவில்லை. 2000-இல் முடிந்த ஹோப் சோதனையில் 9,500-க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேர் நாலரை ஆண்டு 400 அலகு எடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு எதிலும் மாற்றமில்லை. பிரிட்டனில் 20,536 பேரிடம் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் வைட்டமின் ஈ இரட்டிப்பானது. இதயத்துக்கு எதுவும் நடக்கவில்லை. ஹோப் சோதனையின் தொடர்ச்சி 2005-இல் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். நீண்ட காலம் வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு 13 சதவீதம் அதிகமாக இருந்தது. அதற்கு முன்பே ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடந்த சோதனையில் பீட்டா கரோட்டீன் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

செவிலியர் ஆய்வு தவறிய இடம் இப்போது தெளிவு. விரும்பி வைட்டமின் மாத்திரை வாங்குபவர்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை, நடக்கிறார்கள், காய்கறி சாப்பிடுகிறார்கள், மருத்துவரைப் பார்க்கிறார்கள். அவர்களுடைய இதயத்தைக் காத்தது மாத்திரைதான் என்று அந்த வகை ஆய்விலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் பிந்தைய சோதனைகளில் மாத்திரை ஏன் தோற்றது என்பது இதைவிட ஆழமான கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்து மூன்று விடைகள் உண்டு.

முதல் விடை வேகமும் இடமும் பற்றியது. சூப்பர்ஆக்சைடை அழிப்பதில் உடலின் சொந்த நொதி வைட்டமின் சி-யைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமானது. ஹைட்ராக்சில் ராடிக்கலோ பிறந்த இடத்திலேயே முடிந்துவிடும்; அதற்கு முன்பாக அங்கே ஒரு வைட்டமின் மூலக்கூறு காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டின் அடுப்பங்கரையில் பற்றிய தீக்கு ஊர் முழுக்கத் தண்ணீர் தெளிப்பது போன்றதுதான் ரத்தத்தில் வைட்டமினை நிரப்புவது.

இரண்டாவது விடை நேரம். மாரடைப்பில் அடைபட்ட குழாயை ஸ்டென்ட் வைத்தோ மருந்து கொடுத்தோ திறக்கும்போது, பட்டினி கிடந்த தசைக்கு ரத்தம் திரும்புகிறது. உயிர் காப்பது அதுதான். ஆனால் அந்த முதல் சில நிமிடங்களில் ஆக்சிஜன் சேதமும் கூடவே வருகிறது. கேம்பிரிட்ஜில் மைக்கேல் மர்ஃபியும் சகாக்களும் 2014-இல் இதன் பொறிமுறையை எலி இதயத்தில் அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். அடைப்பு இருக்கும்போது சக்சினேட் என்ற சாதாரண வளர்சிதைப் பொருள் தசையில் தேங்குகிறது. ரத்தம் திரும்பியதும் அது ஒரே மூச்சில் எரிகிறது. எலக்ட்ரான்கள் வந்த வழியே பின்னோக்கி, மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் பாதையிலுள்ள முதல் கூட்டுப்புரதத்துக்குள் தள்ளப்பட்டு, அங்கே சூப்பர்ஆக்சைடு பீறிடுகிறது. சேதத்தின் பெரும்பகுதி நிமிடக் கணக்கில் முடிந்துபோகும் விஷயம். ஆண்டுக்கணக்கில் காலை உணவோடு விழுங்கிய மாத்திரை அந்த நிமிடங்களில் அந்த இடத்தில் போதிய அளவில் இருக்க வழியில்லை. குழாயைத் திறக்கும் நேரத்தில் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியையே ஊசியாகச் செலுத்தி 1990-களில் நோயாளிகளிடம் சோதித்தார்கள். அதுவும் இதயத்தின் இயக்கத்தை மேம்படுத்தவில்லை. பெரிய புரதமான அது செல்லுக்குள் நுழையாததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது விடையை ஏற்றுக்கொள்ளத்தான் பலருக்குக் கடினம். சூப்பர்ஆக்சைடு போன்ற ஃப்ரீ ராடிக்கல்கள் வெறும் நஞ்சல்ல; செல் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் எச்சரிக்கைச் செய்திகளும்கூட. 1986-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் நாய்களின் இதயத் தமனியை ஐந்து நிமிடம் அடைத்து ஐந்து நிமிடம் திறப்பதை நான்கு முறை செய்தார்கள். பிறகு 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தபோது, செத்துப்போன தசையின் அளவு வழக்கமானதில் கால் பங்குதான். சிறு பட்டினிகள் இதயத்தைப் பெரிய பட்டினிக்குத் தயார் செய்திருந்தன. பின்னாளில் விலங்குகளில் இதே சிறு அடைப்புகளின்போது ராடிக்கல்களை அழிக்கும் பொருளைக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பே மறைந்துபோவதைப் பார்த்தார்கள். மனிதர்களிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்தபோது, நாளும் வைட்டமின் சி-யும் ஈ-யும் விழுங்கியவர்களுக்கு இன்சுலின் செயல்திறன் மேம்படவே இல்லை, விழுங்காதவர்களுக்கு மேம்பட்டது. பயிற்சியின் பலன் வந்ததே பயிற்சியின்போது பிறந்த ராடிக்கல்கள் தட்டி எழுப்பிய தற்காப்பால்தான்.

இத்தனை தோல்விகளுக்குப் பிறகு இந்தக் கேள்வியையே மூடிவிடலாம் என்று தோன்றும். அப்படி மூடிவிட்டால், மருத்துவ வரலாற்றில் மிகத் தெளிவான வெற்றிகளில் ஒன்றை மறந்தவர்களாவோம்.

சீனாவின் வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் கெஷான் வட்டாரத்தில் 1935-இல் ஒரு விசித்திர நோய் பதிவானது. குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் திடீரென மூச்சிரைத்து, குமட்டி, இதயம் தளர்ந்து இறந்தார்கள். நோய் வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை ஒரு பட்டையாக நாட்டைக் குறுக்கே கடந்தது. அந்தப் பட்டைக்கு வெளியே இல்லை. அந்தப் பகுதிக் கால்நடைகளுக்கும் தசைகள் வெளுத்துச் சிதையும் நோய் வந்ததும், செலினியம் கொடுத்தால் அது நிற்பதும் ஆய்வாளர்களின் கண்ணில் பட்டன. மண்ணில் செலினியம் அற்பம். அந்த மண்ணில் விளைந்ததையே உண்ட மனிதர் உடலிலும் அற்பம். சிச்சுவான் மாகாணத்தின் மியான்னிங் வட்டாரத்தில் 1974-இல் 4,510 குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்தார்கள். 3,985 குழந்தைகளுக்கு வெற்று மாத்திரை. ஆண்டு முடிவில் வெற்று மாத்திரைக் குழுவில் 54 பேருக்கு நோய். செலினியம் பெற்ற குழுவில் 10 பேருக்கு. அடுத்த ஆண்டு 5,445 பேரில் 52. செலினியம் பெற்ற 6,767 பேரில் 7. அதற்கு மேல் ஒரு குழந்தைக்கும் வெற்று மாத்திரை கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. 1976 முதல் எல்லோருக்கும் செலினியம் கொடுக்கப்பட்டது.

செலினியம் ஏன் வேலை செய்தது என்பதற்கான விடை மியான்னிங் சோதனை தொடங்குவதற்கு ஓராண்டு முன்புதான் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிடைத்திருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக மாற்றும் குளுட்டதையோன் பெராக்சிடேஸ் நொதியின் செயல்படு மையத்தில் செலினியம் இருக்கிறது. அது இல்லையென்றால் நொதி இல்லை. செலினியம் தானாக எந்த ராடிக்கலையும் பிடித்து விழுங்குவதில்லை. உடலின் சொந்த இயந்திரத்தில் விட்டுப்போன ஒரு பாகத்தை அது திரும்ப மாட்டிவிடுகிறது. வைட்டமின் ஈ-யின் தோல்விக்கும் இதன் வெற்றிக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கெஷான் கதையில் இன்னொரு முடிச்சும் உண்டு. செலினியக் குறைவு எல்லாக் காலத்திலும் இருந்தது; நோயோ சில ஆண்டுகளில், சில பருவங்களில் மட்டும் பாய்ந்தது. ஒரு வைரஸ் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். 1990-களில் ஆய்வாளர் மெலிண்டா பெக், இதயத்தைத் தாக்காத சாதுவான காக்சாக்கி வைரஸ் ஒன்றைச் செலினியம் குறைந்த எலிகளுக்குச் செலுத்தினார். இதயம் அழற்சி கண்டது. எலிக்குள் வைரஸின் மரபணுவில் ஆறு இடங்கள் மாறியிருந்தன. மாறிய வைரஸ், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த எலிகளின் இதயத்தையும் தாக்கியது. ஒருவரின் சத்துக்குறைவு வைரஸையே மாற்றிப் பக்கத்தில் இருப்பவரையும் ஆபத்துக்கு உள்ளாக்கலாம் என்பது அச்சமூட்டும் கண்டுபிடிப்பு. பொதுச் சுகாதாரம் பேசுபவர்கள் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அதற்காக எல்லோரும் செலினியம் விழுங்கலாமா? கூடாது. போதுமானதற்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் இந்தத் தனிமத்தில் குறுகியது. அதே சீனாவில் ஹூபே மாகாணத்தின் என்ஷி பகுதியில் செலினியம் மிகுதியால் மக்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்தன. நம் பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் வட்டாரங்களிலும் செலினியம் மிகுந்த மண் உண்டு. இணையத்தில் விற்கும் குப்பிக்கு நீங்கள் வாழும் மண்ணின் இயல்பு தெரியாது.

அடுத்து கோஎன்சைம் க்யூ-10. 1957-இல் விஸ்கான்சினில் ஃப்ரெடரிக் கிரேன் இதை முதலில் பிரித்தெடுத்ததே மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்துதான். எலக்ட்ரான்களை ஒரு கூட்டுப்புரதத்திலிருந்து அடுத்ததற்குச் சுமந்து செல்வது இதன் வேலை. போகிற போக்கில் சவ்வில் ராடிக்கல்களையும் அணைக்கிறது. இறைச்சி, மத்தி போன்ற கொழுப்பு மீன்கள், வேர்க்கடலை ஆகியவற்றில் இருந்தாலும் உணவின் வழியே வருவது நாளுக்குச் சில மில்லிகிராம்தான். பெரும்பகுதியை உடலே தயாரிக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துகள் அந்தத் தயாரிப்புப் பாதையை மேல்நிலையிலேயே மறிப்பதால் ரத்தத்தில் க்யூ-10 குறைகிறது. செயலிழந்த இதயங்களின் தசைத் துணுக்குகளில் இதன் அளவு குறைந்திருப்பதும், நோய் முற்ற முற்ற மேலும் குறைவதும் 1980-களிலேயே காட்டப்பட்டன. ஜப்பான் 1974-இலேயே இதை இதயச் செயலிழப்புக்கான மருந்தாக அங்கீகரித்தது.

பிறகு 1990-களின் இறுதியில் நடந்த சிறு சோதனைகள் ஏமாற்றமளித்தன. 2014-இல் வெளிவந்த க்யூ-சிம்பியோ சோதனை மறுபடி நம்பிக்கை தந்தது. வழக்கமான மருந்துகளோடு நாளுக்கு மூன்று வேளை 100 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டு க்யூ-10 எடுத்தவர்களில், இதயம் சார்ந்த பெரும் பாதிப்புகள் 15 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரைக்காரர்களில் 26 சதவீதம். இறப்பு 10 சதவீதத்துக்கு எதிராக 18. முதல் பதினாறு வாரங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே குறுகிய கால ஆய்வுகள் பலனைத் தவறவிட்டிருக்கலாம். இருந்தாலும் பங்கேற்றோர் 420 பேர் மட்டுமே. இன்றைய புதிய இதயச் செயலிழப்பு மருந்துகள் அன்று புழக்கத்தில் இல்லை. இந்த அளவு சான்றை வைத்து எல்லோருக்கும் மருந்தெழுத நான் ஒப்பமாட்டேன், புறந்தள்ளவும் ஒப்பமாட்டேன்.

ஸ்வீடனின் கிண்டா என்ற ஊர்ப்பகுதியில் நடந்த சோதனை இங்கே கூடுதல் வெளிச்சம் தருகிறது. ஐரோப்பாவில் செலினியம் குறைந்த மண் கொண்ட நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. எழுபது வயது கடந்த 443 பேருக்கு நான்கு ஆண்டு செலினியமும் க்யூ-10-உம் சேர்த்தோ, வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். இதய நோய் இறப்பு 12.6 சதவீதத்துக்கு எதிராக 5.9 ஆக இருந்தது. ரத்தத்தில் ஏற்கெனவே செலினியம் குறைந்திருந்தவர்களிடமே அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது என்பது பின்னர் செய்த பகுப்பாய்வில் வந்த செய்தி. மியான்னிங்கில் பார்த்த அதே ஒழுங்கு.

நம் வாசகர்கள் கேட்கக் காத்திருக்கும் பொருள் மஞ்சள். அதிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் செய்யாத நன்மையே இல்லை. ஆனால் அது உடலில் எளிதில் ஈர்க்கப்படுவதில்லை. ரத்தத்தின் கார அளவில் சீக்கிரம் சிதைந்தும் போகிறது. மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் ஈர்ப்பு இருபது மடங்கு வரை கூடும் என்று 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டியது. தாய்லாந்தின் சியாங்மாயில் பைபாஸ் அறுவைக்கு உள்ளான 121 பேரிடம் நாளுக்கு 4 கிராம் குர்குமினாய்டு கொடுத்துப் பார்த்ததில், மருத்துவமனையிலேயே வரும் மாரடைப்பு 30 சதவீதத்திலிருந்து 13 ஆகக் குறைந்தது. அறுவைக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, சேதம் நிகழப்போகும் நேரம் தெரிந்து கொடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் கனடாவில் வயிற்றுப் பெருந்தமனி அறுவை செய்துகொண்ட 606 பேரிடம் குர்குமின் எதையும் காக்கவில்லை. சிறுநீரகப் பாதிப்பு கூடியது. சமையலறைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மஞ்சள்தூளில் குர்குமின் மூன்று சதவீதம் அளவில்தான் இருக்கும். சியாங்மாய் அளவை எட்ட நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். சாம்பாரில் போடும் சிட்டிகைக்கு இதில் வேலையில்லை. சிட்டிகைக்குப் பதில் செறிவூட்டிய மாத்திரையை, அதுவும் பைப்பரின் சேர்த்து விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக அமெரிக்காவிலிருந்து பதிவுகள் வந்துள்ளன.

குர்குமினும், ப்ராக்கோலி, முட்டைக்கோஸ் குடும்பத்துச் சல்ஃபோராஃபேனும் தாமாக ராடிக்கலை அணைப்பதைவிடச் செல்லை மெல்லச் சீண்டி, என்.ஆர்.எஃப்-2 என்ற புரதத்தை விழிக்கவைத்துத் தற்காப்பு நொதிகளைப் பெருக்குகின்றன. அழகான கருத்து. ஆனால் தாவரப் பொருள் ஒன்றை வேதியியலில் திருத்தி, அதே பாதையை மிக வலுவாக முடுக்கிய பார்டாக்சலோன் என்ற மருந்து, சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களிடம் சோதிக்கப்பட்டபோது, உடலில் நீர் சேர்ந்து இதயச் செயலிழப்பு கூடியதால் 2012-இல் சோதனையையே நிறுத்த நேர்ந்தது.

புற்றுநோய் மருந்தான டாக்சோருபிசின் இதயத்தைக் கெடுப்பதும் இந்தக் கேள்வியின் ஒரு கிளை. மொத்த அளவு ஏற ஏறச் செயலிழப்பு வேகமாகக் கூடும். ராடிக்கல்தான் காரணம் என்று எண்ணி வைட்டமின் ஈ-யும் என்-அசிட்டைல் சிஸ்டீனும் நோயாளிகளிடம் கொடுக்கப்பட்டன, இரண்டும் தோற்றன. வென்றது டெக்ஸ்ராசாக்சேன். அது இரும்பைக் கட்டிப்போடுவதால் வென்றது என்று நெடுங்காலம் எண்ணினார்கள். இதயத் தசையிலுள்ள ஒரு டி.என்.ஏ. நொதியை டாக்சோருபிசின் பிடிக்காமல் காப்பதே முக்கியம் என்று 2012-க்குப் பிறகு கருத்து திரும்பியிருக்கிறது.

அமெரிக்க இதயச் சங்கங்களின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டி, குறிப்பிட்ட குறைபாட்டைச் சரிசெய்வதற்குத் தவிர இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு வைட்டமின்களோ சத்து மாத்திரைகளோ வேண்டாம் என்கிறது. அந்தத் 'தவிர' என்ற சொல்லுக்குள்தான் அடுத்த வேலை இருக்கிறது. குறைபாடு யாருக்கு இருக்கிறது என்று நாம் அளப்பதே இல்லை. க்யூ-10-க்கோ செலினியத்துக்கோ காப்புரிமை இல்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதனை நடத்த எந்த நிறுவனமும் பணம் இறக்காது. திருவனந்தபுரத்தில் 2013-இல் சேர்க்கப்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளின் பதிவேட்டில் சராசரி வயது 61. மேலை நாட்டு நோயாளிகளைவிட ஏறத்தாழ பத்தாண்டு இளையவர்கள். மூன்று ஆண்டுகளுக்குள் அவர்களில் 45 சதவீதத்தை நெருங்கியவர்கள் இறந்துபோனார்கள். இத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் செலினியத்தையும் க்யூ-10-ஐயும் முதலில் அளந்து, குறைந்தவர்களை மட்டும் தேர்ந்து, இன்றைய மருந்துகளோடு சேர்த்து மூன்று ஆண்டாவது கொடுத்துப் பார்க்கும் ஒரு சோதனையை அரசுப் பணத்தில் இந்தியா நடத்த வேண்டும். அதற்குத் தேவையான மருத்துவமனைகளும் பதிவேடுகளும் நம்மிடம் இருக்கின்றன. மாத்திரையின் விலையும் பெரிதல்ல.